நைனாவின் மைக்கில் அம்மாவின் பெயர்

தூசி வேகிற வாசனை என்று ஒன்று உண்டு. ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள் வரிசையாக நிற்கும் வால்வுகள் மெல்லச் சிவந்து சூடேறும்போது, அவற்றின்மேல் படிந்திருக்கும் தூசி கருகி எழுப்புகிற வாசனை அது. பக்கத்தில் இருக்கும் பேட்டரியின் திராவக நெடியும் அதோடு கலந்து மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் நான் நடையை நிறுத்திவிட்டு நின்றுவிடுகிறேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் "கூ..." என்று ஓர் ஊளை விடும், தெருநாய்கள் அதற்குப் பதில் சொல்லும், எங்கள் நைனா மைக்கை விரலால் தட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார், சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். குழாயைப் பார்த்து என்ன தெரியப் போகிறது? ஆனாலும் பார்ப்பார்கள்.

அப்பாவை 'நைனா' என்றுதான் எங்கள் பக்கத்தில் கூப்பிடுவோம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குப் போகும் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்று போகும் ஊர் எங்களுடையது. கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் புதுப்பட்டினத்திலிருந்து மீன்கூடையோடு வரும் பெண்களின் சேலையில் அதன் வாசனை ஊருக்குள் வந்து போகும். ஐம்பதுகளில் அந்த வட்டாரத்தில் மைக்செட் வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் நைனா ஏகாம்பரம். கல்யாணம், காதுகுத்தல், ஆடி மாதத்துக் கூழ் வார்த்தல், கட்சிக் கூட்டம், எதுவானாலும் "மைக்செட்டு ஏகாம்பரத்தக் கூப்டு" என்பதுதான் முதல் பேச்சு. எங்கள் கட்டை வண்டியின் முன்பக்கம் ஒரு குழாய், பின்பக்கம் ஒரு குழாய், நடுவில் பேட்டரிக்குப் பக்கத்தில் நான் என்று நாங்கள் போன ஊர்வலங்களுக்குக் கணக்கே இல்லை.

நைனாவுக்கு மரியாதை என்பது தொழில். யாருக்கு 'உயர்திரு', யாருக்கு வெறும் 'திரு', யாருக்கு முன்னால் 'ஸ்ரீமான்' போட வேண்டும், யாருக்குப் பின்னால் 'அவர்கள்' என்பதை இழுத்துச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு ஓர் 'உயர்' குறைந்துவிட்டால் பந்தியில் இலையை மடக்கிவிட்டு எழுந்து போய்விடுவார்கள் என்பதை அனுபவத்தில் கற்றவர். ஆனால் இத்தனை மரியாதையும் ஆண்களோடு முடிந்துவிடும். பெண்களுக்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை: 'தாய்மார்களே'. தாய்மார்களே, கொஞ்சம் பின்னால் நகருங்கள். தாய்மார்களே, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் குழந்தை தொலைந்து அழுதுகொண்டு வந்தால்கூட, "உங்க நைனா பேரு இன்னா?" என்றுதான் கேட்பார். தேடி அலைகிறவள் என்னவோ அதன் அம்மாவாகத்தான் இருப்பாள். அவளும் மைக்கில் தன் புருஷன் பெயர் வந்ததும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள்.

வீட்டுக்குள் வந்தால் கதையே வேறு. ஊர்ப் பெயரையெல்லாம் வாய் நிறையச் சொல்லும் மனிதர், அம்மாவைக் கூப்பிட வேண்டுமென்றால் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "சரோஜா!" என்று வெட்டிச் சொன்னால் அது எனக்கு, பெரும்பாலும் திட்டுவதற்கு. "சரோஜாஆஆ..." என்று குழாய் ஸ்பீக்கர் மாதிரி இழுத்தால் அது அம்மாவுக்கு. இந்த வித்தியாசம் வீட்டில் எங்கள் மூன்று பேருக்கும் பசுமாட்டுக்கும் தெரியும். அம்மா அவரை "இன்னாங்க" என்பாள், அதோடு சரி. தெருவில் அவள் 'மைக்செட்டு வூட்டம்மா'. கருங்குழிப் பக்கம் அவள் பிறந்த வீட்டுக்குப் போனால் அங்கே எல்லாருக்கும் அவள் 'பாப்பா'. பள்ளிக்கூடத்திலும் நைனா பெயரைத்தான் கேட்டார்கள். ஆகவே ஐந்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் என் அம்மாவுக்கு ஒரு பெயர் இருக்கும் என்பதே எனக்குத் தோன்றவில்லை என்றால் நம்ப வேண்டும்.

தோன்றவைத்தது பக்கத்து வீட்டுக் கொத்தனார் வூட்டம்மாவின் பிரசவம். அந்தக் கோடையில் கொத்தனார் வேலைக்காக மதராசுக்குப் போயிருந்தார். நண்பகலில் அவளுக்கு வலி எடுத்தது. பார்த்த மருத்துவச்சி கையை விரித்துவிட்டு, "பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க" என்று சொல்லிவிட்டாள். பஸ் போய்விட்டிருந்தது. குழாய்களைக் கழற்றி இறக்கிவிட்டு எங்கள் கட்டை வண்டியையே பூட்டினார் நைனா. வண்டிக்குள் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, என்னை வீட்டில் விட ஆளில்லாமல் முன்னால் நைனாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "திரும்பிப் பாத்த, தோல உரிச்சிடுவேன்" என்று அம்மா கட்டளை போட்டாள். நான் மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டு போனேன். முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தங்கள் என் காதை விட்டு இன்னும் போகவில்லை. செங்கல்பட்டு ஏரிக்காற்று முகத்தில் பட்ட இடத்தில், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே, வண்டிக்குள் ஒரு குழந்தை வீலென்று கத்தியது. பொம்பளைப் பிள்ளை. ஆனால் தாய்க்கு நினைவில்லை. நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டுக்கு முன்னால் இறங்கி ஓடினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்ட முதல் கேள்வி, "பேஷன்ட் பேர் என்ன?" என்பது. அம்மா, "கொத்தனார் வூட்டம்மாங்க" என்றாள். "அது வீட்டுக்காரர் வேலைம்மா. இவங்க பேர்?" அம்மா பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். அவள் அடுத்தவளைப் பார்த்தாள். வாசலில் நின்ற நைனா வானத்தைப் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்கள், ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டுக்குப் போகாத நாளே இல்லாதவர்கள், அவள் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை! "சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்று நர்ஸம்மா அவசரப்படுத்த, கலங்கிப்போன என் அம்மா சட்டென்று தன் பெயரையே சொல்லிவிட்டாள்.

"பச்சையம்மாள்."

அது அவள் பெயர் என்று அப்போது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "பச்சையம்மா கூட வந்தது யாரு?" என்று நர்ஸம்மா குரல் கொடுத்ததும், வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்மா, "நான்தாங்க பச்சையம்மா" என்று எழுந்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாளே, அப்போதுதான் தெரிந்தது. என் அம்மாவுக்குப் பெயர் இருக்கிறது! அதுவும் எவ்வளவு நல்ல பெயர்! வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். கண் விழித்த கொத்தனார் வூட்டம்மா, எல்லாரும் தன்னைப் 'பச்சையம்மா, பச்சையம்மா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, தான் செத்துப்போய் வேறு எங்கோ வந்துவிட்டதாகவே நினைத்தாளாம். "எம் பேரு ருக்குமணி" என்று அவள் சொன்னபோது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

ஊருக்குத் திரும்பி வந்த மறுவாரம் பஞ்சாயத்து போர்டு தேர்தல் அறிவிப்பு வந்தது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நைனாவிடம் அம்மா, "எலெக்‌ஷன்ல நானு நிக்கறேன்" என்றாள், இன்றைக்குக் கீரை வாங்கினேன் என்கிற மாதிரி. நைனா கையில் இருந்த புனலைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னா சொல்ற நீ? மெம்பரா நின்னு இன்னா பண்ணுவ?"

"நம்ம ஊர்ல பிரசவத்துக்கு ஒரு ரூமு, ரெண்டு கட்டிலு, ஒரு நர்ஸம்மா. அவ்ளோதான். ருக்குமணி பொழச்சிக்கினா. அடுத்தவ வண்டியிலயே போயிட்டா?"

நைனா கீழே விழுந்த புனலை எடுத்துத் துடைத்தார். மாட்டுக்கு முன்னால் ஓடியது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் வேறொரு வெளிச்சம் ஏறியது. ஊரில் தேர்தல், மைக்செட் நம்முடையது, வேட்பாளரும் நம் வீட்டில்! "குடை சின்னம் கேப்போம்" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பிறகு ஆரம்பித்தது பட்டத் தகராறு. நோட்டீஸில் அம்மாவை எப்படிக் குறிப்பிடுவது என்று நைனாவும் அவர் சிநேகிதரான டெய்லர் மாமாவும் தையல் மிஷினுக்கு இருபுறமும் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 'ஸ்ரீமதி' என்றால் பெரிய இடத்துப் பெண்கள் மாதிரி இருக்கிறது. 'அம்மையார்' என்றால் தலை நரைத்துக் கோல் ஊன்றி நடப்பவள் என்று நினைப்பார்கள். 'தோழர்' என்றால் கட்சி முத்திரை விழுந்துவிடும். 'திருமதி' நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் பெயரைப் போட வேண்டுமே! அங்கேதான் வந்து மாட்டிக்கொண்டார்கள். "நம்ம வூட்டுப் பொம்பள பேர அச்சுல போட்டு, நாளைக்கு அதுல வேர்க்கடல மடிச்சிக் குடுப்பானுங்க அண்ணாத்த" என்று டெய்லர் மாமா ஒரே போடாகப் போட்டார். நைனாவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

செங்கல்பட்டு அச்சகத்திலிருந்து ரோஜா நிறக் காகிதத்தில் நோட்டீஸ் வந்தது. நைனா தன் தொழில் திறமை முழுவதையும் அதில் கொட்டியிருந்தார். 'நமது ஊர் மைக்செட் உரிமையாளர் உயர்திரு ஏகாம்பரம் அவர்களின் தர்மபத்தினியும், கருங்குழி பெரிய விவசாயி அவர்களின் செல்வக் குமாரத்தியும், குலவிளக்கும், குணக்குன்றுமாகிய நம் வீட்டுத் தாய்க்கு உங்கள் பொன்னான வாக்குகளைக் குடை சின்னத்தில்...' மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. எல்லாம் இருந்தது, பெயரைத் தவிர. தாள் முழுவதிலும் பெரிய எழுத்தில் இருந்தது 'ஏகாம்பரம்' ஒன்றுதான்.

விளைவு என்ன தெரியுமா? ஊரே நைனாவுக்கு மாலை போட ஆரம்பித்துவிட்டது. "அண்ணாத்த, ஜெயிச்சி வந்து எங்க தெரு சாக்கடைய கொஞ்சம் கவனி" என்று ஒருவர். "ஏகாம்பரம், உனக்குத்தான்யா எங்க வூட்டு ஓட்டு" என்று இன்னொருவர். நைனா முதல் நாள் மறுத்துப் பார்த்தார், இரண்டாம் நாள் சிரித்து மழுப்பினார், மூன்றாம் நாள் கழுத்தில் சாமந்தி மாலையோடு, சாக்கடை பற்றித் தன் கருத்தையே சொல்ல ஆரம்பித்துவிட்டார். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு வாசலுக்கு வந்து அந்த மாலையை ஏற இறங்கப் பார்த்தாள். "நிக்கறது நானு, மால உங்களுக்கா?" என்றாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மாலையைப் பசுமாடு தின்றது.

அன்று அம்மாவும் நைனாவும் பேசிக்கொண்டதை நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டேன். நைனா கெட்ட மனிதர் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் நிஜமாகவே பயந்தார். "உம் பேர நானு மைக்குல சொன்னா, நாளைக்கு எந்தப் பய வேணும்னாலும் டீக்கடையில நின்னுகினு உம் பேரச் சொல்வான். எனக்குத் தாங்காது" என்றார். அவருக்குத் தெரிந்த மரியாதை அதுதான். விலை உயர்ந்த பாத்திரத்தைப் பரண்மேல் வைக்கிற மரியாதை.

"ஆஸ்பத்திரியில அந்த நர்ஸம்மா ஊருக்கே கேக்கற மாதிரி கூவுனாங்களே, எனக்கு இன்னா கொறஞ்சி போச்சி?" என்றாள் அம்மா. "பேரு தெரியாம ஒருத்திய கட்டையில வைக்க இருந்தோம். அது மரியாதையா? இத பாருங்க, கடைசி மீட்டிங்குல நீங்க எம் பேர மைக்குல சொல்லணும். சொல்ல வாய் வரலன்னா நானு மேடைக்கு வரமாட்டேன். அவ்ளோதான்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். மேடைக்கு வராத வேட்பாளருக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? நாளெல்லாம் நைனாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியில் பிரசாரம் போகும்போது, "குடை சின்னம், குடை சின்னம்" என்று முழங்குவார், "உங்கள் வேட்பாளர்..." என்று ஆரம்பிப்பார், அதற்குமேல் ஒரு இருமல் வந்துவிடும். இருமலையும் குழாய் இரண்டும் முன்னும் பின்னும் ஒலிபரப்பும். கதவு இடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அம்மாவோ ருக்குமணியைக் கைக்குழந்தையோடு கூட்டிக்கொண்டு, வண்டி போகாத சந்துகளில் கால்நடையாகப் போய், அடுப்படி வரைக்கும் நுழைந்து, "உம் பேரு இன்னாம்மா? எம் பேரு பச்சையம்மா" என்றுதான் பேச்சையே தொடங்கினாள்.

எதிரில் நின்றவர் ரைஸ்மில் முதலாளி. வெள்ளை வெளேரென்ற ஜிப்பா, நெற்றியில் சந்தனம், பேச்சில் சர்க்கரை. மில்லுக்குப் பக்கத்தில் அவருடைய ஓடு வேய்ந்த கட்டடம் ஒன்று, நெல் மூட்டை அடுக்காமல் காலியாகக் கிடந்தது. அவர் கூட்டத்துக்கும் எங்கள் மைக்செட்தான். தொழில் வேறு, தேர்தல் வேறு என்பது நைனாவின் கொள்கை. தன் கூட்டத்தில் அம்மாவைப் பற்றி முதலாளி ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. "எதிர்ல நிக்கறது யாரு? என் தங்கச்சி! நம்ம ஏகாம்பரம் சம்சாரம் எனக்குக் கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி. தங்கச்சிய வெயில்ல அலையவிட அண்ணனுக்கு மனசு வருமா? அது வூட்ல நிம்மதியா இருக்கட்டும். தங்கச்சியோட பாரத்த இந்த அண்ணன் சொமக்கறேன்" என்றார். கூட்டத்தில் சிலர் 'உச்' கொட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு எதிராக ஓட்டுப் போடுவதுதான் அவளுக்குச் செய்கிற உபகாரம் என்று ஒரே வார்த்தையில் ஊரை நம்பவைத்துவிட்டார் மனிதர்! நைனாவும் மைக்கைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். மரியாதையாகப் பேசுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

வீட்டுக்கு வந்து நான் அழுதுகொண்டே இதையெல்லாம் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "தங்கச்சின்னு மைக்குலயா சொன்னாரு? எல்லாரும் கேட்டாங்களா?" ஆமாம் என்றேன். அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தால் யாருக்கோ வேட்டு என்று அர்த்தம்.

கடைசிக் கூட்டம் சந்தைத் திடலில், பொழுது சாயும் நேரத்தில் நடந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குகள் உஸ்ஸென்று எரிந்தன, வால்வு சூடேறித் தூசி வெந்தது, குழாய் ஊளையிட்டது. ஒருபோதும் இல்லாத அதிசயமாகத் திடலில் பாதி பெண்கள். அடுப்பை அணைத்துவிட்டுக் கைப்பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மில் முதலாளியும் பெருந்தன்மையைக் காட்ட முன்வரிசை நாற்காலியில் வந்து அமர்ந்திருந்தார். அம்மா மேடைக்குக் கீழே, படிக்குப் பக்கத்தில் நின்றாள். ஏறவில்லை. நான் அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே நைனாவைப் பார்த்தேன்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே" என்றார் நைனா. கணீரென்று இருந்தது. "இப்பொழுது உங்கள் முன்னால் பேச வருபவர்..." இருமல். மைக்கைத் தட்டினார். "ஹலோ, ஹலோ." சிரிப்பு எழுந்தது. "பேச வருபவர்... நமது வேட்பாளர்..." வியர்வை நெற்றியிலிருந்து மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. அம்மா அசையவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நைனாவும் அவளைப் பார்த்தார். ஊரையே மறந்துவிட்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் அப்படிப் பார்த்துக்கொண்டதை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. பிறகு நைனா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"திருமதி பச்சையம்மாள் அவர்கள்!"

குழாய்கள் அதிர்ந்தன. 'அவர்கள்' என்பதை யாருக்கும் இழுக்காத அளவுக்கு இழுத்தார். மாப்பிள்ளைகளின் பெரியப்பாக்களெல்லாம் அன்றைக்குத் தோற்றார்கள். அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து ருக்குமணியின் குரல், "பச்சையம்மாவுக்கே நம்ம ஓட்டு!" என்று கிளம்பியது பாருங்கள், அடடா! அப்படி ஒரு கைதட்டலை எங்கள் ஊர் எந்தத் தலைவருக்கும் கொடுத்ததில்லை. நான் குதித்த குதியில் என் பாவாடை நாடா அறுந்துவிட்டது. அம்மா படியேறினாள். நைனா மைக்கைத் தணித்து அவள் உயரத்துக்கு வைத்தார்.

அம்மா அதிகம் பேசவில்லை. நேராக முன்வரிசையைப் பார்த்தாள். "மில்கார அண்ணனுக்கு வணக்கம். என்னிய தங்கச்சின்னு இதே மைக்குல சொன்னீங்க. எனக்கு ரொம்ப சந்தோசம். கூடப் பொறந்தவங்க பக்கத்துல இல்லாதவ நானு. தங்கச்சின்னா பிரசவம் பாக்கறது பொறந்த வூட்டு மொற. சீர் குடுக்கறது அண்ணன் கடம. எனக்குப் பொடவ, பாத்திரம் எதுவும் வேணாம். மில்லாண்ட காலியா கெடக்குதே ஓட்டுக் கட்டடம், அத நம்ம ஊர்ப் பொம்பளைங்க பிரசவத்துக்கு எழுதிக் குடுங்க அண்ணே. இங்க குந்திகினு கீற அத்தினி பேரும் உங்க தங்கச்சிங்கதான்."

மில் முதலாளி நன்றாக மாட்டிக்கொண்டார். மாட்டேன் என்றால் சீர் கொடுக்காத அண்ணன். எங்கள் பக்கத்தில் அதைவிடக் கேவலம் கிடையாது. அவள் தங்கச்சியே இல்லை என்றால் அன்றைக்குப் பேசியதெல்லாம் பொய். ஊர் முழுக்க அவரையே பார்த்தது. அவர் எழுந்து, ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "தங்கச்சி கேட்டு அண்ணன் இல்லன்னு சொல்லுவனா?" என்றார். மைக் இல்லாமல்தான் சொன்னார். நைனா விடுவாரா? மேடையிலிருந்து ஒரே தாவாகத் தாவி, ஒயரோடு மைக்கை அவர் வாய்க்கு நேரே கொண்டுபோய் நீட்டி, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மொதலாளி" என்றார். இரண்டாம் தடவை சொன்னது கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

அம்மா ஜெயித்தாள். ஓட்டுக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு, நர்ஸம்மாவைக் கொண்டுவருவதற்குள் அவள் தாலுக்கா ஆபீஸ் படிகளைத் தேய்த்துவிட்டாள் என்றாலும், பிரசவ அறை வந்தது. அந்த அறையில் பிறந்தவர்களுக்கு இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஜெயித்த மறுநாளிலிருந்து ஊர் அவளை 'மெம்பரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தது. அத்தனை பாடுபட்டு வெளியே வந்த பெயரை மரியாதை மறுபடியும் விழுங்கிவிட்டது. ருக்குமணி மட்டும் கடைசிவரை "பச்சையம்மா" என்றுதான் கூப்பிட்டாள். அம்மாவும் அதற்கு மட்டும் ஒரு தனிச் சிரிப்போடு திரும்புவாள்.

நைனா? அவர் வீட்டுக்கு வந்ததும் பழையபடி "சரோஜாஆஆ..." தான். மைக்கில் சொன்னது மைக்கோடு. நான் கல்யாணமாகிப் புதுப்பட்டினத்துக்குப் போன பிறகும், சரோஜாவே இல்லாத வீட்டில் அவர் நாள் முழுக்க சரோஜாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அம்மாவும் "தோ வரேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தாய்வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு தாங்காது.

இப்போது இரண்டு பேரும் இல்லை. மைக்செட்டும் இல்லை, வேப்பமரம் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. தேர்தல் வந்தால் ஆட்டோவில் பதிவுசெய்த குரல் ஓடுகிறது, இருமாத குரல். பெண் வேட்பாளர்களின் பேனர்களில் பட்டங்கள் நாலு வரிக்கு நிற்கின்றன, பக்கத்தில் கணவர் படம் பெரிதாகச் சிரிக்கிறது. அவற்றில் பெயரைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கண்டுபிடிக்கும்வரை நகரமாட்டேன். என்னோடு வருகிறவர்களுக்குப் பொறுமை போய்விடும். என்னையே எல்லாரும் 'ஆயா' என்கிறார்கள், பாங்கில் 'மேடம்' என்கிறார்கள்.

போன தேர்தலில் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் வரிசையில் நின்றேன். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த இளைஞர், கட்சி முகவர்களுக்குக் கேட்க வேண்டுமென்று என் பெயரை உரக்கப் படித்தார். எனக்குக் காது மந்தம் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டாம் தடவை நன்றாக இழுத்து, "சரோஜாஆ..." என்றார்.

நான் நகரவில்லை. "உங்களத்தான் ஆயா" என்று பின்னால் நின்ற பெண் தோளைத் தொட்டாள். அம்மா வருகிறாளா என்று நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.